ரஷ்ய வினைகளில் மெய் எங்கே திரிகிறது, ஏன் திரிகிறது?

கேள்வி: இளநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். ரஷ்ய மொழியைச் சில காலமாகப் பயின்று வருகிறேன். வேற்றுமைகள் ஒருவாறு கைவந்துவிட்டன. வினைகளைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மாற்றிச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறேன். வினையடியின் இறுதி மெய் ஓரிடத்தில் திரிகிறது, வேறோரிடத்தில் திரியாமல் நிற்கிறது. இதற்குக் காரணம் எதையும் கூறாமல், மனப்பாடம் செய்துகொள்க என்று என் பாடநூல் முடித்துவிடுகிறது.

ரஷ்ய எழுத்துகளைத் தவிர்த்துத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் க, த, ப ஆகியவற்றைத் தமிழில் ஒலிப்பதுபோலவே மென்மையாக ஒலிக்கவும். இரட்டித்து வந்தால் வன்மையாக ஒலிக்கவும். ஜ என்று எழுதுவது ஷகரத்தைக் குரலோடு ஒலிப்பதால் பிறக்கும் ஒலி. ஃஸ என்பது ஸகரத்தைக் குரலோடு ஒலிப்பதால் பிறப்பது. நெடில் பெரும்பாலும் அசையழுத்தம் விழும் இடத்தைக் காட்டுகிறது.

'இயலும்' என்னும் வினையில் மகூ (என்னால் இயலும்), மோஜெஷ் (உன்னால் இயலும்), மோகுத் (அவர்களால் இயலும்) என்று வருகிறது. தன்மை ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் ககரம் நிற்க, இடைப்பட்ட இடங்களில் மட்டும் அது ஜகரமாகிறது. 'நடந்து செல்' என்னும் வினையிலோ ஹஜூ (செல்கிறேன்), ஹோதிஷ் (செல்கிறாய்), ஹோத்யத் (செல்கிறார்கள்) என்று இதற்கு நேர்மாறாக, தன்மை ஒருமையில் மட்டும் தகரம் ஜகரமாகிறது. 'எழுது' என்னும் வினைக்கு எச்ச வடிவம் பிஸாத். ஆனால் பிஷூ, பீஷெஷ், பீஷுத் என எல்லா இடங்களிலும் ஸகரம் ஷகரமாகிவிடுகிறது. ஒரே மொழியில் மூன்று வினைகள் மூன்று விதமாக நடந்துகொள்ளக் காரணம் என்ன? பெயர்ச்சொற்களில் ஸோன் (தூக்கம்) என்பதற்கு ஆறாம் வேற்றுமை ஸ்னா என்று உயிர் கெட்டு வருவதும், தோம் (வீடு) என்பதற்குத் தோம என்று உயிர் கெடாமல் வருவதும் இதனோடு தொடர்புடையவைதாமா?

பதில்: ஒலியன்

தாங்கள் தேர்ந்துள்ள மூன்று வினைகளும் மிகப் பொருத்தமானவை. ரஷ்ய வினைகளில் மெய் திரியும் முறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இன்றைய ரஷ்ய மொழியை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் தேடினால் கிடைக்காது; திரிபை உண்டாக்கிய ஒலிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன, அவை விட்டுச்சென்ற திரிபுகள் மட்டும் நிற்கின்றன.

இதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. எழுத்துத் தமிழின் 'படித்தான்' பேச்சில் 'படிச்சான்' ஆகிறது. 'எடுத்தான்' அப்படி ஆவதில்லை. முன்னால் இகரம் இருந்தால் அதன் அண்ணச் சாயல் தகரத்தின்மேல் ஏறிச் சகரமாக்குகிறது. உகரம் இருந்தால் அந்த வேலை நடப்பதில்லை. இது கண்ணுக்குத் தெரியும் காரணம். 'வைத்தான்' என்பது 'வச்சான்' ஆகும்போதோ, தகரத்தைச் சகரமாக்கிய ஐகாரம் தானே அகரமாகக் குறைந்துவிடுகிறது. பேச்சு வடிவத்தை மட்டும் கேட்கும் ஒருவருக்கு அங்கே சகரம் ஏன் வந்தது என்று தெரியாது. ரஷ்ய மொழி பெரும்பாலும் 'வச்சான்' நிலையிலேயே இருக்கிறது.

இனி வினைகளுக்கு வருவோம். ஸ்லாவிய மொழிகளின் பொது மூதாதையில் இரண்டு தனித்தனி மாற்றங்கள் நடந்தன. க, ஹ முதலிய கடையண்ண ஒலிகள் இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் வந்தாலே திரிந்தன: வன்மையான க் ச்சகரமாகவும், மென்மையான க் ஜகரமாகவும், ஹகரம் ஷகரமாகவும் ஆயின. பல்லொலிகளான த, ஸ, ஃஸ ஆகியவை அவ்வளவு எளிதில் இளகவில்லை. முன்னுயிரைக் கண்டு சற்றே மென்மையானதோடு நின்றுவிட்டன. அவற்றைத் திரிக்க யகர மெய்யே வந்து ஒட்ட வேண்டியிருந்தது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். 'இயலும்' வினையின் அடி 'மொக்' என்று கடையண்ண மெய்யில் முடிவது. தன்மை ஒருமை விகுதியும் படர்க்கைப் பன்மை விகுதியும் அக்காலத்தில் மூக்கொலி கலந்த ஒரு பின்னுயிரில் தொடங்கின; அதுவே பின்னர் உகரமாயிற்று. பின்னுயிரின் முன் ககரம் திரிய வேண்டியதில்லை என்பதால் மகூ, மோகுத் இரண்டிலும் அது அப்படியே நிற்கிறது. இடைப்பட்ட இடங்களின் விகுதிகள் எகரத்தில் தொடங்கியதால் ககரம் ஜகரமாயிற்று. 'சுடு' (அடுப்பில் வேகவைத்தல்) என்னும் வினையும் இதே வார்ப்புதான்: பிக்கூ, பிச்சோஷ், பிக்கூத்.

'நடந்து செல்' என்பதன் அடி பல்லொலியில் முடிகிறது. இவ்வகை வினைகளில் தன்மை ஒருமை விகுதிக்கு முன்பு மட்டும் ஒரு யகரம் இருந்தது. மற்ற இடங்களில் யகரம் இல்லை, முன்னுயிரே இருந்தது. தகரத்தைத் திரிக்க யகரம் வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே ஹஜூ என்பதில் மட்டும் திரிபு. 'எழுது' வகை வினைகளிலோ நிகழ்கால அடி முழுவதிலும் யகரம் இருந்தது. ஆகவே எல்லா இடங்களிலும் ஷகரம் வந்தது. எச்ச வடிவத்தில் அந்த யகரம் இல்லாமையால் பிஸாத் என்று மூல மெய் நிற்கிறது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க இதழொலிகளில் முடியும் வினைகளை எடுத்துக்கொள்ளலாம். ப, வ, ம ஆகியவை யகரத்தோடு சேர்ந்தபோது தாம் திரியாமல், யகரம் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய லகரத்தைத் தோற்றுவித்தன. 'நேசி' என்னும் வினையில் லியுப்லியூ (நேசிக்கிறேன்), லியூபிஷ் (நேசிக்கிறாய்) என்று தன்மை ஒருமையில் மட்டும் லகரம் வருகிறது. இது ஹஜூ வகை. 'அரைத்தூக்கத்தில் இரு' என்னும் வினையில் த்ரெம்லியூ, த்ரேம்லெஷ் என எல்லா இடங்களிலும் லகரம் வருகிறது. இது பிஷூ வகை. ஒரு வகையில் திரிதல் எங்கெல்லாம் நிகழ்கிறதோ, இதழொலி வினைகளில் அங்கெல்லாம் தோன்றல் நிகழ்கிறது. யகரம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டால் இரண்டையும் ஒரே விதி விளக்கிவிடும்.

இரு வேறு மெய்கள் திரிந்து ஒன்றாகிவிடுவதும் உண்டு. ப்லாச்சு என்றால் 'அழுகிறேன்'. ப்லச்சூ என்றால் 'பணம் செலுத்துகிறேன்'. முதலாவதன் ச்சகரம் ககரத்திலிருந்து வந்தது, இரண்டாவதன் ச்சகரம் தகரத்திலிருந்து வந்தது. இவற்றையாவது அசையழுத்தம் பிரித்துக் காட்டுகிறது. வஜூ என்ற சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை: 'அழைத்துச் செல்கிறேன்' என்பதும் 'வண்டியில் ஏற்றிச் செல்கிறேன்' என்பதும் அதே வடிவம்தான். முன்னிலைக்கு வந்தால்தான் வோதிஷ், வோஃஸிஷ் என்று பிரிகின்றன.

பெயர்ச்சொற்களில் உயிர் கெடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கதைதான். பழைய ஸ்லாவிய மொழியில் மிகக் குறுகிய உயிர்கள் இரண்டு இருந்தன. ஒன்று குற்றியலுகரத்தைப்போலவும் மற்றொன்று குற்றியலிகரத்தைப்போலவும் ஒலித்திருக்கும் என்று கொள்ளலாம். ஏறத்தாழ 11 முதல் 13 வரையான நூற்றாண்டுகளில் இவை கிழக்கு ஸ்லாவிய நிலப்பகுதி முழுவதும் மறைந்தன. ஆனால் எல்லா இடங்களிலும் கெட்டுவிடவில்லை. சொல்லின் இறுதியிலும், முழு உயிரைக் கொண்ட அசைக்கு முன்பும் நின்றவை கெட்டன. கெடப்போகும் குற்றுயிருக்கு முன்பு நின்றவை வலுப்பெற்று ஒகரமாகவும் எகரமாகவும் வளர்ந்தன. இந்த ஒழுங்கைச் செக் மொழியை ஆராய்ந்து 1889இல் வகுத்துக் காட்டியவர் அந்தோனின் ஹாவ்லிக்.

'தூக்கம்' என்னும் சொல் முன்பு இரண்டு குற்றுயிர்களைக் கொண்டிருந்தது. எழுவாயில் இறுதிக் குற்றுயிர் கெட, முந்தையது வலுப்பெற்று ஸோன் ஆயிற்று. ஆறாம் வேற்றுமையில் இறுதியில் முழு அகரம் வந்தமையால் முந்தைய குற்றுயிரே கெட்டு ஸ்னா ஆயிற்று. தோம் என்பதில் இருப்பதோ தொடக்கத்திலிருந்தே முழு ஒகரம். அது கெடுவதற்குக் காரணமே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே சொல்லில் காண விரும்பினால் நகா (கால்) என்பதன் குறுமை வடிவமான நோஷ்க என்பதைப் பாருங்கள். இதை ஜகரம் இட்டே எழுதுவார்கள், ஆனால் ஷகரமாக ஒலிப்பார்கள். குறுமை விகுதியின் தலையில் ஒரு குற்றியலிகரம் இருந்தது. முன்னுயிர் என்பதால் அது ககரத்தை ஜகரமாக்கியது. பின்னர் முழு உயிருக்கு முன் நின்றதால் தான் கெட்டது. அது கெட்டவுடன் ஜகரம் அடுத்துள்ள வன்மையான ககரத்தை நேராகத் தொட்டது, குரலை இழந்து ஷகரமாயிற்று. பன்மையின் ஆறாம் வேற்றுமையிலோ இறுதியில் முழு உயிர் இல்லை. ஆகவே அதே குற்றியலிகரம் எகரமாக உயிர்பெற, ஜகரமும் தன் குரலைத் திரும்பப் பெற்று நோஜெக் என்று ஒலிக்கிறது. திரிதல், கெடுதல் இரண்டும் ஒரே வேரில், ஒன்றன் விளைவாக மற்றொன்று நிகழ்ந்திருக்கின்றன.

பதில்: பயிற்றுநர்

மேலே உள்ள விளக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கற்பவர் ஒவ்வொரு முறையும் பழைய ஸ்லாவிய மொழிக்குச் சென்று யகரம் இருந்ததா என்று பார்த்துவிட்டு வர முடியாது. குழந்தைகள் அப்படிக் கற்பதுமில்லை. இன்றைய மொழிக்குள்ளேயே நின்று கணிக்கத்தக்க வழி ஒன்று உண்டு.

மொழியியலாளர் ரோமான் யாக்கப்சன் 1948இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் அதை முன்வைத்தார். வினைக்கு எச்ச அடி, நிகழ்கால அடி என்று இரண்டு அடிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டில் எது நீளமானதோ அதை ஒற்றை அடியாகக் கொண்டால், ஏனைய வடிவங்களைச் சில விதிகளால் வருவித்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அடி மெய்யில் முடிந்து விகுதி மெய்யில் தொடங்கினாலும், அடி உயிரில் முடிந்து விகுதி உயிரில் தொடங்கினாலும், பொதுவாக முன்னது கெடும். 'வாழ்' என்பதன் அடி வகரத்தில் முடிவது. ஜிவூ (வாழ்கிறேன்) என்பதில் வகரம் நிற்கிறது, எச்ச விகுதியாகிய தகரத்தின் முன் அது கெட்டு ஜித் ஆகிறது.

இந்த முறையில் தங்கள் மூன்று வினைகளும் எளிதாகிவிடும். அடி கடையண்ண மெய்யில் முடிந்தால் நடுவிடங்களில் திரிபு. அடி இகரத்தில் முடிந்தால் தன்மை ஒருமையில் மட்டும் திரிபு. மெய்யை ஒட்டி அகரத்தில் முடிந்து, அந்த அகரம் நிகழ்காலத்தில் கெடும் வகையானால் எல்லா இடங்களிலும் திரிபு. என் அனுபவத்தில், புதிய வினையைத் தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கைப் பன்மை என்று மூன்று வடிவங்களோடு சேர்த்தே எழுதி வைக்கும் மாணவர்கள் சில வாரங்களில் இவ்விதிகளைத் தாமே உணர்ந்துகொள்கிறார்கள்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. 'நெசவு செய்' என்னும் வினையில் முன்னிலை ஒருமை த்க்யோஷ் என்று ககரம் திரியாமலே வருகிறது. 'வெற்றிகொள்' என்னும் வினைக்கோ தன்மை ஒருமை வடிவமே வழக்கில் இல்லை. திரித்துச் சொன்னாலும் காதுக்கு ஒவ்வவில்லை, திரிக்காமல் சொன்னாலும் ஒவ்வவில்லை என்று ரஷ்யர்கள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, 'வெற்றியை அடைவேன்' என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். தூசு உறிஞ்சும் கருவியால் வீட்டைத் துப்புரவாக்குவதற்கு இருபதாம் நூற்றாண்டில் பிறந்த வினையில் ஸகரம் ஷகரமாக வேண்டும் என்று அகராதி சொல்கிறது. அப்படிச் சொல்வதற்குப் பலர் தயங்குகிறார்கள். வினைத் திரிபுகளின் பிடி சற்றே தளர்ந்து வருவதை இவை காட்டுகின்றன என்று கருதுகிறேன். ஆனால் சொல்லாக்கத்தில் அதே திரிபுகள் தயக்கமின்றி நிகழ்கின்றன: ஃபேஸ்புக் என்ற நேற்றைய பெயரிலிருந்து பெயரடை ஆக்கும்போது ககரம் எவ்வித யோசனையும் இன்றி ச்சகரமாகி 'ஃபேஸ்பூச்னி' என்று வருகிறது.

பதில்: கஸான் வாசகன்

ஒரு பாகுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் குழப்பம் பாதி தீரும். ரஷ்ய மொழியில் ஒலிமாற்றங்கள் இரு வகை. ஒன்று, இன்றும் உயிரோடு இருப்பது, விலக்கின்றி எல்லாச் சொல்லிலும் நிகழ்வது, எழுத்தில் காட்டப்படாதது. சொல்லின் இறுதியில் குரலுடைய மெய் குரலை இழப்பதும், அழுத்தம் பெறாத ஒகரம் அகரமாக ஒலிப்பதும் இவ்வகை. லூக் என்று காதில் விழுந்தால் அது வெங்காயமா புல்வெளியா என்று தெரியாது. ஆறாம் வேற்றுமையில் லூக்க என்றால் வெங்காயம், லூக என்றால் புல்வெளி. பிரெஞ்சிலிருந்து வந்த 'கராஷ்' (வண்டி நிறுத்தும் அறை) கூட எழுத்தில் ஜகரத்தில் முடிந்து, ஒலிப்பில் ஷகரத்தில் முடிகிறது. உயிர் வந்து ஒட்டியவுடன் ஜகரம் வெளிப்படுகிறது. கடன் சொல் என்று எந்தச் சலுகையும் இல்லை.

மற்றொன்று, மகூ–மோஜெஷ் போன்றது. இது இப்போது ஒலிச்சூழலால் நிகழ்வதில்லை, இந்த விகுதிக்கு முன், இந்த வினை வகையில் என்று இலக்கணமே ஆள்கிறது, எழுத்திலும் காட்டப்படுகிறது. ரஷ்ய எழுத்துமுறை இந்த எல்லைக் கோட்டைப் பெரும்பாலும் காக்கிறது. பத்ஸ்னேஜ்னிக் என்ற பூவின் பெயரைப் பாருங்கள்: பனிக்குக் கீழிருந்து முளைப்பது என்ற பொருளில் 'கீழ்' என்னும் முன்னொட்டு, 'பனி' என்னும் வேர், பெயராக்க விகுதி ஆகியவற்றால் ஆனது. முன்னொட்டு 'பத்' என்று ஒலித்தாலும், அது அழுத்தம் பெறும் இடங்களில் இருப்பதுபோல ஒகரமும் மென்மையான தகரமும் இட்டே எழுதுவார்கள். வேரின் ககரம் ஜகரமானதை மட்டும் அப்படியே எழுதிக் காட்டுவார்கள். சில முன்னொட்டுகளின் இறுதி ஃஸகரம் வன்மையான மெய்க்கு முன் ஸகரமாக எழுதப்படுவது இந்த ஒழுங்குக்கு விலக்கு.

இந்தப் பாகுபாடு பிறந்த இடம் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள கஸான் நகரம். 1875 முதல் 1883 வரை அங்கே பணியாற்றிய மொழியியலாளர் யான் போதுவான் த குர்த்தெனேயும் அவருடைய மாணவர் மிக்கோவாய் குருஷெவ்ஸ்கியும் ஒலி மாற்றங்களை இவ்வாறு அடுக்கடுக்காகப் பிரித்து ஆராய்ந்தார்கள். உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) என்று இன்று நாம் வழங்கும் கருத்துக்குப் பெயரிட்டவரும் போதுவானே. பின்னாளில் மாஸ்கோ அறிஞர்களும் லெனின்கிராத் அறிஞர்களும் லூக் என்ற சொல்லின் இறுதி ஒலியைப் பற்றியே முரண்பட்டார்கள்: 'புல்வெளி' என்னும் பொருளில் அதன் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலி) மென்மையான ககரமே, சூழலால் வன்மையாக ஒலிக்கிறது என்றனர் மாஸ்கோ மரபினர், வன்மையாக ஒலிப்பதால் அது வன்மையான ககர ஒலியனே என்றனர் ஷேர்பா வழிவந்த லெனின்கிராத் மரபினர். நான் மாஸ்கோ பக்கம்தான். வேர் ஒன்றாக இருக்க, வேற்றுமைக்கு வேற்றுமை ஒலியன் மாறுகிறது என்பது தேவையற்ற சுமை.

மறுபதில்: இளநிலை மாணவி

மூவருக்கும் நன்றி. யகர விளக்கத்தைப் பெற்ற பிறகு என் குறிப்பேட்டிலுள்ள வினைகளை மூன்று வகையாகப் பிரித்தேன். ஏறத்தாழ எல்லாம் இடம் பெற்றுவிட்டன. இப்போது இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. முன்னுயிருக்கு முன் ககரம் திரியும் என்றால், ருக்கா (கை) என்பதன் நான்காம் வேற்றுமையில் ருக்யே என்று திரியாமல் வருவது ஏன்? அடுத்து, புதிய பெயர்ச்சொல்லைக் காணும்போது அதன் ஒகரம் கெடக்கூடியதா, நிலைக்கக்கூடியதா என்று எப்படி அறிவது? பதாரக் (பரிசு) என்பது பதார்க்க என்று ஆகிறது. உரோக் (பாடம்) என்பதும் அதே ஓசையில் முடிந்தாலும் உரோக்க என்றே ஆகிறது.

பதில்: கஸான் வாசகன்

முதல் ஐயத்துக்கு விடை தருகிறேன். அந்த எகரம் பிற்காலத்தில் பிறந்தது. அது வந்தபோது, முன்னுயிருக்கு முன் கடையண்ண ஒலிகள் ச்ச, ஜ, ஷ ஆன முதல் திரிபின் காலம் முடிந்திருந்தது. அதே ஒலிகளுக்கு இரண்டாம் திரிபு ஒன்று தொடங்கியிருந்தது. அதன்படி வன்மையான ககரம் த்ஸகரமாகவும், மென்மையானது ஃஸகரமாகவும் ஆயின. பழைய நூல்களில் 'கைக்கு' என்பது 'ருத்ஸே' என்றே வருகிறது. உக்ரைனிய மொழி இன்றும் 'ருத்ஸி' என்கிறது. ரஷ்ய மொழி, மற்ற வேற்றுமைகளில் நிற்கும் ககரத்தைப் பார்த்து, இதையும் ககரமாகவே திருத்திக்கொண்டது. திருத்தத்துக்குத் தப்பிய எச்சம் த்ருஃஸ்யா (நண்பர்கள்). ஒருமையில் ஆறாம் வேற்றுமை த்ரூக என்றிருக்க, பன்மையில் மட்டும் ஃஸகரம்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள நோவ்கரத் நகரின் மண்ணுக்கடியிலிருந்து, பூர்ச்ச மரப்பட்டையில் கீறி எழுதப்பட்ட கடிதங்கள் 1951 முதல் கிடைத்து வருகின்றன. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 247ஆம் எண் கடிதம் ஒரு திருட்டுக் குற்றச்சாட்டைப் பற்றியது. அதில் பூட்டையும் கதவையும் அடுத்து 'க்யேலே' என்ற சொல் வருகிறது. முதலில் படித்தவர்கள் அதைத் துறவியின் அறையைக் குறிக்கும் சொல்லாகக் கொண்டார்கள். மொழியியலாளர் அந்திரேய் சலிஸ்னியாக் வேறு விதமாகப் படித்தார்: மற்ற ஸ்லாவிய மொழிகளில் 'த்ஸேலி' (முழுமையானது, பழுதில்லாதது) என்று வரும் சொல்தான் இது, பூட்டும் பழுதுபடவில்லை, கதவும் பழுதுபடவில்லை என்பதே கடிதத்தின் பொருள். அதாவது பண்டைய நோவ்கரத் பேச்சில் இரண்டாம் திரிபு நிகழவே இல்லை. ருக்யே என்ற இன்றைய வடிவத்துக்கு வடக்கத்திய வழக்கும் துணைநின்றிருக்கலாம் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது.

பதில்: ஒலியன்

இரண்டாம் ஐயத்துக்கு விரைவான வழி அகராதிதான். ஆறாம் வேற்றுமை வடிவத்தை அகராதிகள் தருகின்றன. சலிஸ்னியாக் 1977இல் வெளியிட்ட இலக்கண அகராதி ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்களை இறுதி எழுத்து வரிசையில் அடுக்கி, உயிர் கெடும் சொற்களுக்கு ஒரு நட்சத்திரக் குறியும் இடுகிறது. அதனால் ஒரே ஈற்றில் முடியும் சொற்களை ஒருங்கே பார்க்க முடிகிறது. வரலாறு எப்போதும் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும்: ல்யோத் (பனிக்கட்டி) என்பதில் இருந்தது முழு உயிர்தான், ஆயினும் மற்றவற்றைப் பார்த்து அதுவும் ல்தா என்று கெடக் கற்றுக்கொண்டது.

ஆனால் தாங்கள் கேட்ட இரு சொற்களையும் பகுபதமாகப் பிரித்தாலே விடை கிடைத்துவிடும். பதாரக் என்பதில் இறுதியிலுள்ள 'ஓக்' ஒரு விகுதி. வேர் 'தார்' (கொடை). அந்த விகுதியின் உயிர் பழைய குற்றியலுகரம், ஆகவே கெடுகிறது. உரோக் என்பதில் அப்படி ஒரு விகுதியே இல்லை. 'உ' முன்னொட்டு, 'ரோக்' வேர். அங்கே இருப்பது வேரின் முழு உயிர். அது கெட வழியில்லை. ஸ்ரோக் (தவணைக் காலம்), ப்ரரோக் (தீர்க்கதரிசி) ஆகியவையும் இதே வேரில் பிறந்து, இதேபோல உயிர் கெடாமல் நிற்பவை. இந்த வேரின் மற்றொரு முகம் ரேச் (பேச்சு): ஒகரத்துக்கு எகரமும் ககரத்துக்கு ச்சகரமும் வந்திருக்கின்றன. தங்கள் குறிப்பேட்டில் இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதாரக்கை வேறு பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.